2.5 அம்பியர் விளக்கும் 16 அம்பியர் பியூஸும்: ஒரு கடையின் கணக்குப் பிழைத்த கதை

கடந்த கோடையில் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணியும் ஆகவில்லை. மியூனிக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, பிறீசர் ரெண்டும் நிண்டுபோச்சு. கடை முழுக்க மணக்குது" என்றார். சனி இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போனவர். பவேரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இறால், கணவாய், அறக்குளா, துருவிய தேங்காய்ப்பூ, மரவள்ளி, ஒரு கலியாண வீட்டுக்கென்று சொல்லி வைத்திருந்த றோல்ஸ் எல்லாம் இளகித் தண்ணீராகக் கிடந்தன. பின்னேரம் இருவருமாக விலைச்சிட்டைகளை எடுத்து வைத்துக் கூட்டியபோது நட்டம் 3,400 யூரோ என்று வந்தது.

பிறீசரில் ஒரு பழுதும் இல்லை. பியூஸ் பெட்டியில் ஒரு சிக்கெருங் கீழே விழுந்திருந்தது. மேலே தள்ளிவிட்டதும் எல்லாம் முன்போலவே வேலை செய்தன. பக்கத்துக் கடைக்காரர் சொன்ன தகவல் மட்டும்தான் துப்பு: சனி இரவு பத்து மணியளவில் இடி மின்னலோடு மழை, கரண்ட் இரண்டு மூன்று செக்கன் நின்று திரும்ப வந்தது. அந்தத் தெருவில் வேறு எவருக்கும் எதுவும் நடக்கவில்லை.

இந்த விடயத்தை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கடைக்கு விளக்கு மாற்றச் சொல்லிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி படித்துவிட்டு அகதியாக இங்கே வந்தவன். இப்போது கார்ஹிங்கில் இருந்துகொண்டு ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் கணக்குப் பதிகிறேன். மின்சாரம் என் துறை அல்ல. ஆனால் நம்மவர் கடைகளின் மின்சார பில் என் கண்ணில் படாமல் போவதில்லை. அந்தக் கடையில் பழைய குழல் விளக்குகள் 24 இருந்தன. குழாய் 58 வாற், அதோடு சேர்ந்த சோக்கும் இழுப்பதைக் கூட்டினால் விளக்கொன்றுக்கு 70 வாற் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,680 வாற். அவற்றைக் கழற்றி 24 வாற் எல்.ஈ.டி. பலகை விளக்குகள் 24 போட்டால் 576 வாற். நாளுக்கு 12 மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள், அலகுக்கு 30 சதம் என்று போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு ஏறக்குறைய 1,190 யூரோ மிச்சம். விளக்கு வாங்கிய காசு ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். அழகான அட்டவணையாக எழுதிக் கொடுத்தேன். தம்பிக்கும் சந்தோசம். விளக்கு இப்போது மலிவுதானே என்று, களவு பயத்தில் இரவிலும் எல்லா விளக்கையும் எரியவிட்டுப் போகத் தொடங்கினார். அது என் அட்டவணையில் இல்லை.

இப்போது விழுந்த பியூஸைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது பி16, அதாவது 16 அம்பியர். 230 வோல்ற்றில் பழைய விளக்குகள் இழுத்தது 7.3 அம்பியர். அந்தக் காலத்தில் பியூஸ் ஒரு நாளும் விழவில்லை. புதியவை இழுப்பது 2.5 அம்பியர் மட்டும். பிறீசர்களைச் சேர்த்தாலும் பாதிக்குப் போகாது. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்த பிறகு பியூஸ் விழுகிறது! என் கூட்டல் கழித்தலில் எங்கே பிழை என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கூட்டல் சரி. நான் பார்த்த கணக்குத்தான் தவறான கணக்கு. கணக்கியல் படித்தவர்களுக்கு இது விளங்கும். இலாபநட்டக் கணக்கு வருட முடிவில் நன்றாக இருக்கும், ஆனால் வியாபாரம் மூன்றாம் மாதமே மூடப்பட்டிருக்கும். கடை திறக்கும் முதல் நாளில் முற்பணம், தளபாடம், தொடக்க இருப்பு எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் காசு வேண்டும். அதைக் காட்டுவது காசுப் பாய்ச்சல் கூற்று. நான் விளக்குகளின் இலாபநட்டத்தைப் பார்த்தேன். அவற்றின் முதல் செக்கனை, சரியாகச் சொன்னால் முதல் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்க்கவில்லை.

அதைக் காட்டியவர் ஒரு வயதான எலெக்ட்ரிக்கர். பொஸ்னியாவிலிருந்து வந்தவர், அவரும் ஒரு போருக்குத் தப்பி வந்தவர்தான். அவர் பியூஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை. "விளக்கு வந்த பெட்டி இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்லகாலம், தம்பி பின்கட்டில் எதையும் எறியாமல் வைத்திருப்பவர். பெட்டிக்குள் நாலாக மடித்த கடதாசி. ஜெர்மனில் பொடி எழுத்தில் இரண்டு வரி. தொடக்க மின்னோட்டம்: 20 அம்பியர், 200 மைக்ரோசெக்கன். பி16 பியூஸ் ஒன்றில் பூட்டக்கூடிய விளக்குகள்: அதிகபட்சம் 14. நாங்கள் பூட்டியது 24.

எல்.ஈ.டி. விளக்கு, தொலைபேசிச் சார்ஜர், கொம்பியூட்டர், தொலைக்காட்சி, ரவுட்டர், நவீன சலவை இயந்திரம் எல்லாவற்றுக்குள்ளும் இன்று இருப்பது சுவிச்சிங் மின்வழங்கி என்ற ஒரே இன உறுப்பு. முன்பு றேடியோவுக்குள் பாரமான இரும்பு நிலைமாற்றி இருந்தது நினைவிருக்கும். தூக்கினாலே கை நோகும். இப்போதையது நெருப்புப்பெட்டி அளவில் அதே வேலையைச் செய்கிறது. சுவரிலிருந்து வரும் ஆடலோட்டத்தை முதலில் நேரோட்டமாக்கி, ஒரு கப்பாசிற்றரில் தேக்கி, அந்தத் தேக்கத்திலிருந்து செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுத்துத் தேவையான வோல்ற்றுக்கு மாற்றுகிறது. வேகமாக வெட்டுவதால்தான் நிலைமாற்றி அவ்வளவு சிறிதாக இருக்க முடிகிறது.

சிக்கல் அந்தத் தேக்கத்தில் இருக்கிறது. கப்பாசிற்றரைக் கிணற்றடித் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருந்தால் எடுத்த அளவை மட்டும் நிரப்பினால் போதும். வெறுமையாக இருக்கும்போது சுவிச்சைப் போட்டால், அந்தக் கணத்தில் அது வெறும் கம்பி போலத்தான் நடந்துகொள்ளும். எதிர்ப்பே இருக்காது. 230 வோல்ற் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ற். செக்கனுக்கு 100 தடவை அந்த உச்சி வருகிறது. சுவிச்சைப் போட்ட கணம் உச்சியாக அமைந்துவிட்டால், சுவர்க் கம்பி, உள்ளிருக்கும் உறுப்புகள் எல்லாவற்றின் தடையும் சேர்ந்து 2 ஓம் என்றால், 325ஐ 2ஆல் பிரியுங்கள்: 160 அம்பியருக்கு மேல். இது ஒரு சாதாரண மேசைக் கொம்பியூட்டருக்கு வரக்கூடிய கணக்கு. ஓடத் தொடங்கிய பின் அதே கொம்பியூட்டர் இழுப்பது ஒரு அம்பியரும் இல்லை.

ஆனால் சேர்கின்ற சக்தி சொற்பம். 220 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒன்றை 325 வோல்ற்றுக்கு நிரப்பத் தேவை 11.6 யூல்தான். 10 வாற் விளக்கு ஒரு செக்கனுக்குச் சற்று மேல் எரிகிற சக்தி. மின்சார மீற்றர் இதைக் கணக்கிலே எடுக்காது, பில்லில் ஒரு சதமும் ஏறாது. அதனால்தான் பில் பார்க்கிற என் போன்றவர் கண்ணுக்கு இது தெரிவதில்லை. தொகை சிறிதுதான், அதைக் கேட்கிற அவசரம்தான் பெரிது.

பியூஸ் ஏன் விழுந்தது? ஒரு விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஊரில் நாங்கள் ட்ரிப் சுவிச் என்று சொல்வது வேறு, இது வேறு. ட்ரிப் சுவிச், இங்கே எஃப்.ஐ. என்பது, கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் விழுவது. நான் சொல்வது கம்பியைக் காப்பாற்றுகிற சிறிய தானியங்கி பியூஸ். 1920களில் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டொட்ஸின் நிறுவனத்தில் உருவானது அதன் மூல வடிவம். அதற்குள் இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் சூடேறினால் வளையும் உலோகத் தகடு. கூடுதலான கரண்ட் நிமிடக்கணக்கில் ஓடினால்தான் அவர் எழும்புவார். மற்றவர் மின்காந்தச் சுருள். குறுக்குச் சுற்று வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் வெட்டுவார். பி வகையில் அவர் எழும்புவது குறித்த அளவின் 3 முதல் 5 மடங்கில். பி16 என்றால் 48க்கும் 80க்கும் இடையில். சி வகையில் 5 முதல் 10 மடங்கு. மிகக் குறுகிய பாய்ச்சல் என்றால் இந்த எல்லை கொஞ்சம் உயரும் என்பது உண்மை. ஆனால் 24 விளக்குகள் தலைக்கு 20 அம்பியர் கேட்டால் கூட்டுத்தொகை 480. கம்பியின் தடை அதில் ஒரு பகுதியைக் குறைத்தாலும் மிச்சம் போதும். அந்தக் காவலாளிக்கு அது விளக்கு எரிவதா, கம்பி முட்டுவதா என்று தெரியாது. தன் கடமையைச் செய்தார்.

அப்படியானால் பதினொரு மாதம் ஏன் விழவில்லை என்று நான் கேட்டேன். எலெக்ட்ரிக்கர் தம்பியைப் பார்த்து, "காலையில் விளக்கை எப்படிப் போடுகிறாய்?" என்று கேட்டார். சுவரில் மூன்று சுவிச். தம்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு எட்டாகப் போடுவார். மனிதக் கை எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு சுவிச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் கால் செக்கனாவது போகும். பாய்ச்சலோ ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனிலேயே முடிந்துவிடும். ஆக 24 விளக்கும் ஒரு நாளும் ஒன்றாகக் கேட்டதில்லை. அந்தச் சனி இரவு மூன்று சுவிச்சும் போட்டபடி இருந்தன. கரண்ட் போய்த் திரும்பி வந்த கணத்தில், முதல் தடவையாக 24 தொட்டியும் வெறுமையாக ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன.

பழைய குழல் விளக்கில் இது ஏன் நடக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஊரில் ட்யூப் லைட் போட்டால் மினுக் மினுக்கென்று இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு எரியும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நாங்கள் அதைக் குறை என்று நினைத்தோம். அத்தோடு அதன் சோக் ஒரு கம்பிச்சுருள், கரண்ட் திடீரென்று ஏறுவதை இயல்பாகவே தடுக்கும்.

இந்தப் பாய்ச்சலை அடக்கும் வழிகளைத் தேடி வாசித்தபோது, அத்தனையும் கடன் கொடுப்பவன் கையாளும் வழிகளாகவே எனக்குப் பட்டன. மிக எளியது, வழியில் ஒரு தடையைப் போடுவது. ஆனால் அது எப்போதும் இருந்தால் எப்போதும் சூடாகிச் சக்தியைத் தின்னும். அதற்கு மாற்றாக வந்தது வெப்பத்தடையி என்ற சின்ன வட்டத் துண்டு. பழைய கொம்பியூட்டர் மின்வழங்கியைத் திறந்தால் கறுப்பு அல்லது பச்சை நாணயம் போல நிற்கும். குளிராக இருக்கும்போது 10 ஓம் தடை. கரண்ட் ஓடி அது சூடேறியதும் அரை ஓமுக்குக் கீழே இறங்கிவிடும். சில பொருள்கள் சூடேறும்போது தடை குறைகிறது என்பதை 1833இலேயே மைக்கல் பரடே வெள்ளி சல்பைட்டில் கண்டிருந்தார். மேலே சொன்ன 2 ஓமோடு இந்த 10 ஓமைச் சேருங்கள். 160 அம்பியர் 27 ஆகிறது. சில சதம் பெறுமதியான துண்டு செய்யும் வேலை இது.

இதில் ஒரு வினோதம். நிலையான வோல்ற்றில் ஒரு கப்பாசிற்றரைத் தடை வழியாக நிரப்பினால், உள்ளே எவ்வளவு சக்தி சேர்கிறதோ அதே அளவு வழியில் சூடாகப் போகும். தடை பெரிதென்றாலும் சிறிதென்றாலும் அந்தத் தொகை மாறாது. அவசரமாக நிரப்பினாலும் தவணையாக நிரப்பினாலும் தரகு ஒன்றுதான். வட்டியில்லாத் தவணை! என் தொழிலில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

வெப்பத்தடையிக்கு ஒரு பெரிய குறை உண்டு, அது நம் வீடுகளில் எல்லோருக்கும் பொருந்தும். அது குளிர ஒரு நிமிடமாவது வேண்டும். கப்பாசிற்றர் வெறுமையாக ஒரு செக்கனும் வேண்டாம். கரண்ட் இரண்டு செக்கன் நின்று வந்தால் தொட்டி வெறுமை, காவல் இன்னும் சூட்டில் மயங்கிக் கிடக்கிறது. 27 அம்பியரோடு நிற்க வேண்டியது மறுபடி 130க்கு ஏறும். பியூஸ் விழாவிட்டாலும் உள்ளே இருக்கும் சீராக்கி டயோட்டுகளுக்கும் சுவிச் முனைகளுக்கும் அது அடி. பிள்ளைகள் ரவுட்டரையோ கேம் பெட்டியையோ நிறுத்திவிட்டு உடனே போடும்போது நான் இப்போது சத்தம் போடுகிறேன். நிறுத்தினால் ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

பெரிய மின்வழங்கிகளில் வேறு ஏற்பாடு. தடை வழியாக நிரப்பிவிட்டு, நிரம்பியதும் ஒரு றிலே அந்தத் தடையைச் சுற்றிக் குறுக்குப் பாதை திறந்துவிடும். சூடும் இல்லை, மயக்கமும் இல்லை. மின்சாரக் காரை இயக்கும்போது இருக்கைக்குக் கீழே "டொக்" என்று அடுத்தடுத்துச் சத்தம் கேட்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்: பெரிய மின்கலத்தை நேரடியாகப் பூட்டாமல் முதலில் ஒரு தடை வழியாக உள்ளே இருக்கும் கப்பாசிற்றரை நிரப்பி, அதன் பிறகுதான் பிரதான தொடுப்பை மூடுகிறார்கள். இன்னும் சிலவற்றில் அலை பூச்சியத்தைக் கடக்கும் கணம் பார்த்தே சுவிச் மூடும். இதற்கெல்லாம் பிறகு உள்ளே இன்னொரு சின்னப் பாய்ச்சல் இருக்கிறது, வெளியீட்டுப் பக்கத்துக் கப்பாசிற்றர்களை நிரப்புவது. வெட்டும் துண்டுகளை ஆரம்பத்தில் மெலிதாக வைத்துச் சில மில்லிசெக்கனில் படிப்படியாகத் தடிப்பாக்கி அதைக் கட்டுப்படுத்துகிறது உள்ளிருக்கும் சில்லு. சுவரில் இருக்கும் பியூஸுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு என்பதால் விட்டுவிடுகிறேன்.

இதே விடயத்தின் மிகப்பெரிய வடிவம் நான் குடியிருக்கும் ஊரிலேயே இருக்கிறது. கார்ஹிங்கைத் தெரியாதவர்களுக்கு: மியூனிக்குக்கு வடக்கே, 2006இலிருந்து யு6 சுரங்கரயில் ஆராய்ச்சி மையம் வரைக்கும் வருகிற சிறிய நகரம். நகரச் சின்னத்தில் பழைய அணு உலையின் முட்டை வடிவக் கூரையைப் போட்டிருக்கிறார்கள், ஊர் எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரியும். இங்கே மக்ஸ் பிளாங் பிளாஸ்மா இயற்பியல் நிறுவனத்தில் அஸ்டெக்ஸ் அப்கிறேட் என்ற அணுக்கருச் சேர்க்கைப் பரிசோதனை இயந்திரம் 1991இலிருந்து இயங்குகிறது. ஒரு தடவை இயக்கினால் பத்துச் செக்கன் அளவுதான். ஆனால் அந்தப் பத்துச் செக்கனுக்கு அது கேட்கும் மின்சாரத்தை நகரத்தின் கம்பியிலிருந்து நேரே உறிஞ்ச முடியாது. அதனால் பாரிய பறப்புச்சில்லுகள் பூட்டிய மின்பிறப்பாக்கிகளை வைத்திருக்கிறார்கள். நிமிடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்து அந்தச் சில்லுகளைச் சுழற்றி வேகமேற்றுகிறார்கள். பிறகு பத்துச் செக்கனில் அந்தச் சுழற்சியில் தேங்கிய சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக இறக்குகிறார்கள். ஊரில் நெல் குத்தும் மில்லில் எஞ்சினின் பெரிய சில்லைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. கணக்கு ஒன்றுதான்: எடுப்பது மெதுவாக, செலவழிப்பது தேவையான வேகத்தில். பக்கத்துத் தெருவில் நான் தேநீர் குடிக்கும்போது என் வீட்டு விளக்கு மங்கியதில்லை.

கடைக்கு வருகிறேன். தம்பி முதலில் சொன்ன யோசனை, "பெரிய பியூஸாப் போடுவம் அண்ணை" என்பது. நம்மவர் அநேகமாகச் செய்வதும் இதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். சுவருக்குள் இருப்பது 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பி. அதற்கு 25 அம்பியர் பியூஸ் போட்டால் கம்பி சூடேறி எரிந்த பிறகும் பியூஸ் பேசாமல் இருக்கும். அதே 16இல் பி வகைக்குப் பதில் சி வகை போடலாமா என்று நான் கேட்டேன். போடலாம், ஆனால் அளந்து பார்த்த பிறகு என்றார் எலெக்ட்ரிக்கர். குறுக்குச் சுற்று வந்தால் பி16 நிச்சயமாக வெட்ட 80 அம்பியர் ஓடினால் போதும். சி16க்கு 160 ஓட வேண்டும். 230ஐ 160ஆல் பிரித்தால் 1.4 ஓம். அந்தக் கம்பியின் முழுச் சுற்றுத் தடை அதற்குக் கீழே இருந்தால்தான் ஆபத்து நேரத்தில் அது வேலை செய்யும். பழைய கட்டடம், நீளமான கம்பி. அளந்தபோது எல்லைக்கு மிகக் கிட்ட வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியில் செய்தது இதுதான். பிறீசர்களுக்குத் தனிக் கம்பி, தனிப் பியூஸ். விளக்குகளை 12 வீதம் இரண்டு பியூஸாகப் பிரித்தார். இரவில் எரிய வேண்டியவை நாலு மட்டும் என்று தம்பி ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு விளக்குக் கம்பிக்கும் பியூஸ் பெட்டியிலேயே பூட்டுகிற தொடக்க மின்னோட்டக் கட்டுப்படுத்தி என்று ஒரு சின்னப் பெட்டி. உள்ளே மேலே சொன்ன தடையும் றிலேயும்தான். ஒன்று நூறு யூரோவுக்குக் கீழே. பிறீசருக்குள் வெப்பநிலை ஏறினால் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் மானி ஒன்று 30 யூரோ. இது முதல் நாளே இருந்திருந்தால் 3,400 போயிருக்காது என்பது எனக்கு இன்னும் உறுத்தல்.

காப்புறுதி நிறுவனம் பணம் தரவில்லை. பழுது கடையின் உள் ஏற்பாட்டில் என்று கடிதம் வந்தது. அந்தத் தாளில் எழுதியிருந்த 14ஐ மீறியிருக்கிறோம் என்பதால் வாதாட எதுவும் இருக்கவில்லை. இருப்பு நட்டமாகப் பதிந்தேன். நான் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகப் பெருமைப்பட்ட தொகையில் கிட்டத்தட்ட மூன்று வருடம்.

இந்தப் பாடம் சில மாதத்தில் ஊருக்கும் உதவியது. 2022 பங்குனி முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்துக்குப் பிறகு, நம்மில் பலர் ஊருக்கு இன்வேர்ட்டருக்கும் பற்றரிக்கும் காசு அனுப்பியிருக்கிறோம். கொக்குவிலில் இருக்கும் என் தம்பியும் 48 வோல்ற் லிதியம் பற்றரி ஒன்று வாங்கினான். இன்வேர்ட்டரோடு பூட்டியவுடன் படார் என்று பொறி, பற்றரி தானாக நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் பூட்டினாலும் அதே கதை. பற்றரி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போக, விற்றவர் இன்வேர்ட்டர்தான் பழுது என்றாராம். இருவரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது.

இரண்டுமே பழுதில்லை. இன்வேர்ட்டரின் வாசலிலும் பெரிய கப்பாசிற்றர்கள் இருக்கின்றன. அவை வெறுமையாக இருக்கும்போது தடித்த செப்புக் கம்பியால் நேரே பற்றரியைப் பூட்டினால், கணநேரத்துக்கு ஆயிரம் அம்பியரையும் தாண்டக் கூடும். பற்றரிக்குள் இருக்கும் காவல் சுற்று அதைக் குறுக்குச் சுற்று என்று எடுத்துக்கொண்டு கதவை மூடுகிறது. மியூனிக்கில் பியூஸ் செய்ததை அங்கே பற்றரி செய்தது. சில பற்றரிகளில் முன்நிரப்பும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும், அவனுடையதில் இல்லை. வேலை தெரிந்த எலெக்ட்ரிசியன் ஒருவரைக் கூப்பிட்டு, கடைசிக் கம்பியைப் பூட்டும் முன் 50 ஓம் அளவில் ஒரு கம்பிச்சுற்றுத் தடையியை இடையில் பிடித்துச் சில செக்கன் நிரப்பிவிட்டு, தடையியை எடுத்தவுடனேயே கம்பியை இறுக்கிப் பூட்டச் சொன்னேன். 48ஐ 50ஆல் பிரித்தால் ஒரு அம்பியர்கூட இல்லை. இன்வேர்ட்டரின் சுவிச் நிறுத்தியபடி இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன், இல்லாவிட்டால் நிரப்ப நிரப்ப அது குடித்துக்கொண்டிருக்கும்.

அம்மா இருந்த காலத்தில் வீட்டில் ஒரு சட்டம். கரண்ட் போனால் பிரிட்ஜ், றேடியோ எல்லாவற்றின் சுவிச்சையும் நிறுத்த வேண்டும். வந்தாலும் உடனே போடக்கூடாது, பத்து நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாக. வந்த கரண்ட் நிலைக்குமா என்று பார்க்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் மின்சார சபை பார்க்கும் கணக்கும் அதுதான். ஒரு ஊர் முழுக்க இருண்டு கிடந்து கரண்ட் திரும்பும்போது, எல்லா வீட்டுப் பிரிட்ஜும் மோட்டாரும் மின்வழங்கியும் ஒன்றாகக் கேட்கும். 2025 மாசி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுவதும் இருண்டபோது, கரண்டை ஒரே தடவையில் திருப்பிக் கொடுக்காமல் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். மின்நிலையங்களின் பலத்துக்கு ஏற்பச் சுமையைப் படியாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எழுந்தது மறுபடி விழும்.

கொக்குவில் பற்றரி மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டது. பொறியும் இல்லை, சத்தமும் இல்லை என்றான் தம்பி. விற்றவர் மட்டும், தடையி பிடித்ததால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்கிறாராம். பற்றரியோடு வந்த கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முன்நிரப்புவதைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கும்.